வேலைக்குப் போயிட்டே போட்டோகிராஃபியா, வரையுறதா, வாத்தியம் வாசிக்கிறதா: எத எடுக்கலாம்?

முழுநேர வேலைல இருந்துக்கிட்டே போட்டோகிராஃபி கத்துக்கலாம்னு நினைக்கிறவங்க முதல்ல கேக்குறது பெரும்பாலும் "எந்த கேமரா வாங்கலாம்"ங்குறதுதான். அதுக்கு பதில் சொல்லுறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். நாள் முழுக்க வேலை பாத்துட்டு வெளில வரும்போது எது அசந்து போயிருக்கு, கண்ணா, காலா, இல்ல மனுஷங்ககிட்ட பேசிப் பேசி மனசா? இன்னொன்னு, நீங்க எடுக்கப்போற கலைல கையோட முடியுற வேலை எவ்வளவு, அப்புறமா உக்காந்து பாக்க வேண்டிய பின்வேலை எவ்வளவு? இந்த ரெண்டையும் பொருத்திப் பாத்தா எந்த கேமராங்குறது கிட்டத்தட்ட தானாவே தெரிஞ்சுடும், சில பேருக்கு கேமராவே வேண்டாம் வரையலாம்னு கூட தெரியும், அதுவும் நல்ல பதில்தான்.

போட்டோகிராஃபில இந்தப் பின்வேலைதான் ஆரம்பத்துலேர்ந்தே பெரிய தடை. கோடாக் கம்பெனி ஆரம்பிச்ச ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1870கள் கடைசில அமெரிக்காவுல ராசெஸ்டர்ங்குற ஊர்ல பேங்க் கிளார்க். அப்போ இருந்த முறைல கண்ணாடித் தகட்டுல ரசாயனம் தடவி, அது காயுறதுக்குள்ள படம் எடுத்து, ஈரம் இருக்கும்போதே டெவலப்பும் பண்ணணும், அதுனால வெளில படம் எடுக்கப் போனா கூடாரம், பாட்டில், தட்டுன்னு ஒரு லேபையே தூக்கிட்டுப் போகணும். பகல்ல பேங்க், ராத்திரில அம்மாவோட சமையலறைல, முன்னாடியே செஞ்சு வெச்சுக்கக்கூடிய உலர்ந்த தகடு தயாரிக்கிற சோதனைன்னு ஓட்டிட்டு 1881லதான் அவர் பேங்க் வேலைய விட்டார். 1888ல வந்த முதல் கோடாக் கேமராவுல 100 படத்துக்கான ரோல் உள்ளயே போட்டு வரும், எடுத்து முடிச்சதும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிட்டா அவங்க டெவலப் பண்ணி, பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்புவாங்க. பட்டன நீங்க அமுக்குங்க, மத்தத நாங்க பாத்துக்குறோம்ங்குறதுதான் அவங்க விளம்பரமே. வேலைக்குப் போற ஆளுக்கு எங்க இடிக்குதுன்னு அவருக்கு நல்லா தெரிஞ்சிருந்தது. இன்னிக்கு போன் கேமரா அதையே இன்னும் வேகமா செஞ்சு குடுக்குது, ஆனா ரா ஃபைல், அதாவது கேமரா மெருகேத்தாம அப்படியே குடுக்குற மூலப் பதிவு, எடுக்குற பெரிய கேமரா வாங்குனா அந்த "மத்தது" எல்லாம் திரும்பவும் நம்ம மேசைக்கே வந்துடுது.

அது எவ்வளவுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை காலைல 2 மணி நேரம் சுத்தி 300 படம் எடுக்குறீங்கன்னு வெச்சுக்குவோம், இது ஒன்னும் அதிகம் இல்ல. ஒவ்வொன்னையும் 3 செகண்ட் பாத்து ஒதுக்குனாலே 15 நிமிஷம். அதுல 20 படத்த எடுத்து ஒவ்வொன்னுக்கும் 5 நிமிஷம் எடிட்டிங்னா 100 நிமிஷம். அப்புறம் காப்பி எடுத்து வெக்கிறது, பேர் போட்டு அடுக்குறது. ஆக எடுத்த நேரத்துக்கு சமமா இன்னொரு 2 மணி நேரம் ஸ்கிரீன் முன்னாடி போகுது, அதுவும் பெரும்பாலும் திங்கக்கிழமை ராத்திரி, அன்னிக்கு ஏற்கனவே முழுசா ஸ்கிரீன் பாத்துட்டு வந்த கண்ணோட. மூணு நாலு வாரம் அத தள்ளிப்போட்டா ஆயிரம் படம் சேந்துடும், ஆயிரம் சேந்தா திறக்கவே மனசு வராது, திறக்கலன்னா அடுத்த வாரம் கேமராவ எடுக்கும்போதே ஒரு குற்ற உணர்ச்சி. நல்ல கேமரா வாங்குனவங்க நிறைய பேர் விட்டுடுறது இந்த இடத்துலதான்னு நான் நினைக்கிறேன், ஆர்வம் குறைஞ்சு இல்ல.

இது நேரம் இல்லாதவங்களுக்கு மட்டும் வர்றதும் இல்ல. கேரி வினோகிராண்ட் முழுநேர போட்டோகிராஃபர், அவர் 1984ல இறந்தப்போ டெவலப் பண்ணாத ரோல் மட்டுமே சுமார் 2,500 இருந்துச்சு. ஒரு ரோலுக்கு 36 படம்னா 90,000 பக்கம் வருது, எடுத்தவரே பாக்காத படங்க.

சரி, இப்போ கருவிங்கள ஒன்னோட ஒன்னு வெச்சுப் பாக்கலாம். போன், பாக்கெட்ல அடங்குற ஒரே லென்ஸ் கேமரா, லென்ஸ் மாத்துற மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா), ஃபிலிம். வழக்கமா மெகாபிக்சலையும் ஜூமையும் வெச்சுதான் ஒப்பிடுவாங்க. வேலைக்குப் போறவங்களுக்கு அத விட முக்கியமான கேள்வி, உங்களுக்குக் கிடைக்கிற நேரத்துல வெளிச்சம் எப்படி இருக்கும்ங்குறது. பகல் வெளிச்சம் முழுக்க ஆஃபீஸ்ல போயிடுது. மிச்சம் இருக்குறது விடியக்காலை, சாயங்காலம் முடியுற நேரம், ராத்திரித் தெரு, வீட்டுக்குள்ள டியூப்லைட். சூரியன் அடிவானத்துலேர்ந்து 6 டிகிரி உயரத்துக்குள்ள இருக்குற நேரத்தத்தான் கோல்டன் அவர்ங்குறாங்க. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, பூமத்திய ரேகை பக்கம் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்குறதுனால அந்த 6 டிகிரிய 24, 25 நிமிஷத்துல கடந்துடும், வடக்கயோ தெற்கயோ தள்ளிப் போகப் போக சாய்வா இறங்கும், அதுனால நேரம் நீளும். எப்படிப் பாத்தாலும் கடைசி மீட்டிங் கொஞ்சம் இழுத்தா அன்னிக்கு தங்க வெளிச்சம் போச்சு. அதுனால நல்ல வெளிச்சத்துல எது நல்லா எடுக்கும்ங்குற ரிவியூ எல்லாம் நமக்கு பாதிதான் உதவும், இருட்டுல எது தாங்கும்னு பாக்கணும்.

அப்படிப் பாத்தா மிரர்லெஸ் வாங்குறவங்க முதல்ல யோசிக்க வேண்டியது கூட வர்ற கிட் லென்ஸ். அந்த ஜூம்கள்ல நிறையவற்றுல ஜூம் இழுத்த நிலைல அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற துளை, எஃப்5.6 வரைக்கும்தான் திறக்கும், எஃப் எண் சின்னதாக ஆக துளை பெருசு. ஒரு சாதாரண 50 எம்எம் எஃப்1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் அதோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள விடுது. 10 மடங்குன்னா ஐஎஸ்ஓவ (சென்சார் வெளிச்சத்த உணருற அளவு, ஏத்துனா படம் புள்ளி புள்ளியா ஆகும்) 6400 வெச்சு எடுக்க வேண்டிய படத்த 640ல எடுக்கலாம், இல்ல ஷட்டர் 1/10 செகண்ட்ல ஆடிப்போற படத்த 1/100ல நிறுத்திப் பிடிக்கலாம். சாயங்காலம் 7 மணிக்கு வீட்டுக்கு வந்து குழந்தைய படம் எடுக்குறவங்களுக்கு இந்த ஒரு வித்தியாசம், கேமரா பாடிய மாத்துறத விட பெருசு. ஜூம் இல்லையேன்னு தோணும், நாலடி முன்னாடி நடந்து போயிடலாம், ஆனா வெளிச்சத்த நடந்து போய் கொண்டு வர முடியாது.

போன் இந்த இடத்துல வேற மாதிரி வேலை பாக்குது. பெரிய கேமராக்கள்ல இருக்குற ஃபுல் ஃபிரேம் சென்சார் (படம் பதியுற சிப்) 36க்கு 24 எம்எம், நிறைய போன்கள்ல மெயின் சென்சார் 10க்கு 7 எம்எம் பக்கம்தான், இல்ல அத விட சின்னதா இருக்கும், பரப்பளவுல பத்து மடங்குக்கு மேல வித்தியாசம். அத சரிக்கட்ட போன் அடுத்தடுத்து வேகமா பல ஃபிரேம் எடுத்து ஒன்னா சேக்குது, அதுனாலதான் ராத்திரிக் கட்டிடம், ஆள் இல்லாத தெரு எல்லாம் போன்ல அசத்தலா வருது. ஆனா அசையுற ஆள் வந்தா சேக்குற கணக்கு குழம்பிடும், முகம் மெழுகு மாதிரி ஆகும், கை ரெண்டா தெரியும். அதுனால நீங்க எடுக்க ஆசப்படுறது இடம், பொருள், நிழல், கட்டிடம்னா, இப்போ கையில இருக்குற போனே போதும்னு அடிச்சுச் சொல்லுவேன். மனுஷங்க, அதுவும் மங்கலான வெளிச்சத்துல அசையுற மனுஷங்கன்னா கேமரா வேணும்.

போன்ல இன்னொரு சிக்கல் இருக்கு, அது படத்தோட தரம் சம்பந்தப்பட்டது இல்ல. படம் எடுக்கன்னு போன வெளில எடுத்தா வேலை மெசேஜும் அதுலதான் வரும். ஒரு நல்ல நிழல் விழுந்துட்டு இருக்கும், எடுக்கலாம்னு பாத்தா மேல ஒரு நோட்டிஃபிகேஷன், யாரோ ஃபைல் கேக்குறாங்க, அவ்வளவுதான். கேமராவுல மெசேஜ் வராது. படம் எடுக்குற நேரம் வேலைலேர்ந்து தப்பிக்கிற நேரமா இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு, தரம் ஒன்னா இருந்தாலும் தனி கேமரா வாங்குறதுக்கு இது ஒன்னே போதுமான காரணம்.

பாக்கெட் கேமராங்குறது நான் ரொம்பப் பரிந்துரைக்கிற ஒன்னு, அதுவும் லென்ஸ் மாத்த முடியாத வகை. ரிகோ ஜிஆர் 3 பேட்டரியும் கார்டும் சேத்து 257 கிராம், உள்ள இருக்குறது ஏபிஎஸ்சி சென்சார், அதாவது லென்ஸ் மாத்துற மிரர்லெஸ்கள்ல நிறையவற்றுல இருக்குற அதே அளவு. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை அத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம், அரை கிலோ பக்கம், ஆனா எஃப்2 லென்ஸும் கண் வெச்சுப் பாக்குற வியூஃபைண்டரும் இருக்கு. ஃபுல் ஃபிரேம் பாடியும் எஃப்2.8 ஜூமும் சேந்தா பெரும்பாலும் ஒன்றரை கிலோவத் தொடும், அது லேப்டாப், தண்ணி பாட்டில் எல்லாம் இருக்குற ஆஃபீஸ் பைக்குள்ள தினம் போகாது, தனிப் பை வேணும், தனிப் பைன்னாலே அது லீவு நாள் சாமான் ஆயிடுது. சின்ன கேமராவுக்கு குறைன்னா தூரத்துப் பறவை, மேடை நிகழ்ச்சி, விளையாட்டு எதுவும் எடுக்க முடியாது, பேட்டரி சீக்கிரம் தீரும், கூட ஒன்னு வெச்சுக்கணும். ஒரு விஷயம் முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க, சில வேலை இடங்கள்ல கேமரா உள்ள கொண்டு போகவே கூடாது, அப்படின்னா எவ்வளவு சின்னதா இருந்தாலும் தினப்படி பைல இருக்கும்ங்குற லாபம் போயிடுது, அப்போ கணக்கு வேற.

மிரர்லெஸ் யாருக்குன்னா, எடுக்கப்போற விஷயம் என்னன்னு ஏற்கனவே தெரிஞ்சவங்களுக்கு. பறவை, பூச்சி, விளையாட்டு, நடனம், வான்வெளி, இதெல்லாம் அதுக்குன்னு இருக்குற லென்ஸ் இல்லாம நடக்காது. இது எல்லாமே லீவு நாள் வேலை, நேரம் ஒதுக்கிப் போய் செய்யுறது, அப்போ ஒன்றரை கிலோ ஒரு பொருட்டே இல்ல. "எல்லாத்துக்கும் ஆகும்"னு வாங்குறதுதான் அலமாரில போய் உக்காருது.

ஃபிலிம பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ஸ்கிரீன் பாத்துப் பாத்து அசந்தவங்க நிறைய பேர் இப்போ அந்தப் பக்கம் போறாங்க, எனக்கு அந்த ஆசை நல்லாவே புரியுது. ஒரு ரோல்ல 36 படம், மீடியம் ஃபார்மட் (அகலமான ஃபிலிம்) சதுரப் படம்னா 12, எடுத்ததும் பின்னாடி திருப்பிப் பாக்க ஸ்கிரீன் கிடையாது, லேப்ல குடுத்தா ஈஸ்ட்மன் சொன்ன மாதிரி மத்தத அவங்க பாத்துக்குறாங்க. பின்வேலைன்னு பாத்தா கேமராக்களுக்குள்ள இது ரொம்பவே கம்மி. ஆனா வெளிச்சக் கணக்கு இங்க நமக்கு எதிரா நிக்குது. பரவலா கிடைக்கிற ஃபிலிம்ல ஐஎஸ்ஓ 400 நல்ல வேகம், அத போட்டு வீட்டு விளக்கு வெளிச்சத்துல எஃப்2ல எடுத்தாலும் ஷட்டர் 1/30 செகண்ட் பக்கம்தான் நிக்கும், உக்காந்திருக்குற ஆள எடுக்கலாம், ஓடுற குழந்தைய எடுக்க முடியாது. செலவும் ஒவ்வொரு கிளிக்குக்கும் உண்டு. அதுனால பகல்ல ஓய்வு கிடைக்கிற ஷிஃப்ட் வேலைக்காரங்களுக்கு ஃபிலிம் நல்லா ஒத்துவரும், சாயங்காலம் 7 மணிக்குத்தான் வெளில வருவேன்ங்குறவங்களுக்கு கஷ்டம்.

டிஜிட்டல்லயே பின்வேலைய குறைக்க ஒரு வழி இருக்கு, ராவா ஜேபெக்காங்குற சண்டைல ஜேபெக் பக்கம், அதாவது கேமராவே மெருகேத்தி முடிச்சுக் குடுக்குற படத்து பக்கம், நிக்கிறது. ரா எடுத்தா ஹைலைட்டயும் (ரொம்ப வெளிச்சமான இடத்தயும்) நிழலையும் அப்புறமா நிறைய மீட்க முடியும், வொயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தோட நிறச் சாயல், மாத்தலாம், இதெல்லாம் உண்மை, நான் மறுக்கல. ஆனா வேலைக்கு நடுவுல எடுக்குறவங்களுக்கு அந்த "அப்புறமா" எப்போ வரும்ங்குறதுதான் கேள்வி. இப்போ வர்ற கேமராக்கள்ல படத்தோட நிறத்த எடுக்கும்போதே தீர்மானிக்கிற ப்ரொஃபைல்கள் நல்லா இருக்கு, ஒன்ன பிடிச்சு அதையே வெச்சு ஒரு வருஷம் எடுத்தா படங்களுக்குள்ள ஒரு ஒத்துமையும் வரும். நான் ஜேபெக்லதான் எடுக்குறேன், ரொம்ப முக்கியமான நாள் மட்டும் ரெண்டும் சேத்து. எடிட்டிங் பண்ணுறதே சுகம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கே, அவங்க தாராளமா ரா எடுக்கலாம், டார்க்டேபிள் மாதிரி இலவச சாஃப்ட்வேரே போதும். ஆனா அவங்க எடுக்குற எண்ணிக்கைய குறைச்சே ஆகணும்.

இந்த இடத்துல விவியன் மாயர பத்தி சொல்லாம இருக்க முடியல. நியூயார்க்லயும் சிகாகோலயும் சுமார் 40 வருஷம் வீடுகள்ல குழந்தை பாத்துக்குற வேலை பாத்தவங்க. அவங்க எடுத்த நெகட்டிவ் 1 லட்சத்துக்கு மேல, 2007ல ஒரு ஏலத்துலதான் அதுல ஒரு பகுதி வெளில வந்துச்சு, 2009ல அவங்க இறந்துட்டாங்க, நிறைய ரோல் டெவலப் கூட ஆகாம இருந்துச்சு. அவங்கள ரகசிய மேதைன்னு பேசுறாங்க, எனக்கு அதுல பிடிச்ச விஷயம் வேற. குழந்தைங்கள வெளில நடக்க கூட்டிட்டுப் போறது அவங்க வேலை, அந்த நடைலயே ரோலிஃப்ளெக்ஸ் கேமராவ கழுத்துல மாட்டிட்டுப் போய் தெருவ எடுத்தாங்க. வேலை அவங்கள எந்தப் பாதைல கூட்டிட்டுப் போச்சோ அதுதான் அவங்களுக்கு சப்ஜெக்ட். ஒப்பிட்டுப் பாத்தா வேலைக்குப் போறவங்களுக்கு இருக்குற வழி ரெண்டுதான், போட்டோ எடுக்கன்னு தனியா ஒரு இடத்துக்குப் போறது, இல்ல எப்படியும் போக வேண்டிய வழியிலயே எடுக்குறது. முதலாவதுல நல்ல காட்சி கிடைக்கும் ஆனா மாசத்துக்கு ஒன்னு ரெண்டு தடவைதான். ரெண்டாவதுல ஒரே ஸ்டேஷன், ஒரே படிக்கட்டு, ஒரே மரம், ஆனா மழைல, வெயில்ல, கூட்டத்துல, ஆள் இல்லாதப்போன்னு வருஷம் முழுக்க. கண்ணு வளருறது ரெண்டாவதுலதான். ஒரே இடத்த திரும்பத் திரும்பப் பாக்குறப்போதான் வெளிச்சம் எங்கேர்ந்து வருது, யாரு எங்க நிப்பாங்க, எப்போ ஒரு இடைவெளி விழும்னு முன்னாடியே தெரிய ஆரம்பிக்கும்.

இப்போ போட்டோகிராஃபிய விட்டுட்டு பக்கத்துல இருக்குற மத்த கலைங்களுக்கு வரலாம், ஏன்னா நிறைய பேர் உண்மைல முடிவு பண்ண வேண்டியது இந்த இடத்துல.

வரையுறது. ஒரு பேனா, சட்டைப் பைல அடங்குற நோட்டு, அவ்வளவுதான் சாமான். பேட்டரி இல்ல, ஃபைல் இல்ல, பேக்கப் இல்ல. பக்கம் முடிஞ்சா படம் முடிஞ்சது, பின்வேலை பூஜ்யம். அஞ்சு நிமிஷத்துல ஒரு கோப்பைய வரையலாம், ஒரு மணி நேரம் கிடைச்சா எதிர்ல இருக்குற கட்டிடத்த வரையலாம். ராத்திரி 11 மணிக்கு மேசை விளக்குல உக்காந்தும் வரையலாம். ஸ்கிரீன்லேர்ந்து கண்ண எடுக்கணும்னு நினைக்கிற ஆளுக்கு இது ரொம்ப நல்லது. அப்போ எல்லாரும் ஏன் வரையுறது இல்லன்னா, போட்டோல முதல் நாளே ஒரு நல்ல படம் கிடைச்சுடும், வரையுறதுல முதல் சில மாசம் எதுவுமே நினைச்ச மாதிரி வராது, வேலைல கெட்டிக்காரங்களா இருக்கவங்களுக்கு அந்த சில மாசத்த தாங்குறது கஷ்டமா இருக்கு. தாங்கிட்டா கிடைக்கிறது பெருசு. பிரான்ஸ் நாட்டுப் பெரிய போட்டோகிராஃபர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் 1970கள்ல கேமராவ பெரும்பாலும் ஓரமா வெச்சுட்டு வரையுற பக்கம் போனார். சியாட்டில்ல ஒரு பத்திரிகைல வேலை பாத்த கேப்ரியல் கம்பனாரியோ 2007ல ஆரம்பிச்ச அர்பன் ஸ்கெட்சர்ஸ் இப்போ உலகம் முழுக்க நிறைய நகரத்துல இருக்கு, சேந்து உக்காந்து வரையுறாங்க, அதுல நிறைய பேர் வேற வேலை பாக்குறவங்கதான். இவங்க முக்கிய விதிகள்ல ஒன்னு, நேர்ல பாத்து வரையணும்ங்குறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா திரும்ப ஒரு ஸ்கிரீன்ல போட்டோ பாத்து வரைஞ்சா பாதி லாபம் போயிடுது.

வாத்தியம் வாசிக்கிறது வேற கணக்கு. இங்க பின்வேலை இல்ல, ஆனா இடைவெளி விட்டா கை மறக்குது. தினம் 20 நிமிஷம் வாசிக்கிறது, ஞாயித்துக்கிழமை மட்டும் 2 மணி நேரம் வாசிக்கிறத விட கண்டிப்பா மேல, கிட்டார்னா விரல் நுனி காய்ச்சுப் போறதுக்கே தொடர்ந்து வாசிக்கணும், சில வாரம் விட்டா திரும்ப வலிக்கும். சத்தம் ஒரு பிரச்சனை, வீட்டுக்கு வர்ற நேரத்துல பக்கத்து வீட்டுல தூங்குவாங்க, அதுக்கு ஹெட்போன் மாட்டுற கீபோர்டோ எலெக்ட்ரிக் கிட்டாரோ சரியா வரும். அடிக்கடி வெளியூர் போற வேலைல இருக்கவங்களுக்கு இத நான் சொல்ல மாட்டேன். தினம் ஒரே நேரத்துக்கு வீடு திரும்புறவங்களுக்கு, அதுவும் நாள் முழுக்க பேசுற வேலை பாக்குறவங்களுக்கு, இத விட நல்லது கிடையாது.

எழுதுறது பத்தி வேகமா சொல்லிடுறேன். நாள் முழுக்க மெயிலும் ரிப்போர்ட்டும் எழுதுறவங்க ராத்திரி உக்காந்து கதை எழுதுறது கஷ்டம், சொல்லே தீர்ந்து போயிருக்கும், காலைல எழுதலாம். மத்தவங்களுக்கு எப்போ வேணா எழுதலாம்.

இந்த எல்லாக் கலைக்கும் பொதுவா ஒரு ஒப்பீடு இருக்கு, அத யாரும் பெருசா பேசுறது இல்ல, படைப்போட அளவு. அலெக்சாண்டர் போரோடின் ரஷ்யாவுல வேதியியல் பேராசிரியர், இசையமைப்பாளரும் கூட. 1869ல ஒரு ஓபெரா எழுத ஆரம்பிச்சு, வேலைக்கும் மாணவர்களுக்கும் நடுவுல விட்டு விட்டு எழுதி, 1887ல இறந்தப்போ அது முடியல, ரிம்ஸ்கி கோர்சகோவும் கிளாசுனோவும்தான் முடிச்சு வெச்சாங்க. அமெரிக்காவுல டாக்டரா இருந்த வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் நோயாளிங்கள பாக்குறதுக்கு நடுவுல, மருந்துச் சீட்டுல கூட, சின்னச் சின்ன கவிதையா எழுதினார். ரெண்டு பேருமே பெரிய கலைஞர்கள், ஆனா வேலைக்கு நடுவுல இருக்குற துண்டு துண்டான நேரத்துல எந்த வடிவம் முடியும், எது இழுக்கும்னு இதுல நல்லா தெரியுது. போட்டோலயும் அப்படித்தான், "என் ஊர பத்தி ஒரு புத்தகம்"னு ஆரம்பிச்சா இழுக்கும், "இந்த ஒரு ஜன்னல், பன்னெண்டு மாசம், பன்னெண்டு படம்"னா முடிஞ்சுடும், முடிஞ்ச ஒன்னு அடுத்தத ஆரம்பிக்க தெம்பு குடுக்கும்.

தினமும் கொஞ்சமா, லீவு நாள்ல மொத்தமாங்குறதுக்கும் ஒரே பதில் இல்ல. வாத்தியத்துக்கும் வரையுறதுக்கும் தினமும் கொஞ்சம். போட்டோகிராஃபிக்கு ரெண்டையும் பிரிச்சு வெக்கணும், எடுக்குறது தினப்படி வழியில, பாத்து ஒதுக்குறது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு குறிப்பிட்ட நேரத்துல. எடுத்த அன்னிக்கே உக்காந்து ஒதுக்காதீங்க, எடுத்தப்போ இருந்த சந்தோஷத்துல எல்லாமே நல்லா தெரியும், பத்து நாள் கழிச்சுப் பாத்தா எது நிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும், ஒதுக்குறதும் பாதி நேரத்துல முடியும். நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, மத்தவங்க அலாரம் வெச்சு எந்திரிச்சு வர்ற விடியல் வெளிச்சத்துல அவங்க சும்மா வீட்டுக்கு நடந்து வர்றாங்க. எடுத்தத மட்டும் மூணு காப்பி வெச்சுக்கோங்க, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒன்னு வீட்டுக்கு வெளில, கிளவுடா இருந்தாலும் சரி.

பணம் பத்தி ஒரு முடிவு எல்லாருக்கும் வரும், ஏன்னா ரெண்டு நல்ல படம் போட்டதுமே யாராவது ஒரு விசேஷத்துக்கு எடுத்துத் தர்றீங்களான்னு கேப்பாங்க. எடுக்கலாமா? ஒரு கல்யாணத்துல ஆயிரக்கணக்குல படம் சேரும், மேல போட்ட கணக்கையே அதுக்கும் போடுங்க, ஒரு நாள் எடுத்ததுக்கு பல ராத்திரி எடிட்டிங், கூடவே டெலிவரி தேதி, அவங்க ஃபோன், திருத்தம். ஏற்கனவே டெட்லைன்ல வாழுற ஆளுக்கு அது இன்னொரு டெட்லைன். திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சிங்குறதால ரெண்டு கார்டுல பதியுற கேமரா, உபரி பாடி, உபரி ஃபிளாஷ்னு செலவும் ஏறும். வேலை ஒப்பந்தத்துல வெளி வருமானம் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் பாக்கணும், சில இடத்துல முன்னனுமதி வேணும். இந்தத் தொழிலுக்கே போயிடணும்னு ஆசை இருக்கவங்க கண்டிப்பா எடுங்க, முதல்ல ஒரு அனுபவசாலிக்கு ரெண்டாவது ஆளா போங்க. அந்த ஆசை இல்லாதவங்க வேண்டாம்னு சொல்லிடுங்க, நான் இதுல ரொம்ப உறுதியா இருக்கேன், மனசு ஆறுறதுக்குன்னு ஆரம்பிச்ச ஒரே விஷயத்தயும் யாரோ ஒருத்தரோட கெடுவுக்கு குடுத்துடாதீங்க. வேண்டியவங்களுக்கு ஒரு படம் பிரிண்ட் போட்டு பரிசா குடுங்க, அதுல கிடைக்கிற சந்தோஷம் தனி.

ஆக யாருக்கு எதுன்னு கேட்டா, ஸ்கிரீன்ல வேலை பாக்குறவங்களுக்கு வரையுறது, இல்ல ஜேபெக்ல மட்டும் எடுக்குற சின்ன கேமரா, பகல் ஓய்வு இருந்தா ஃபிலிம். மனுஷங்ககூடவே நாள் முழுக்க இருக்கவங்க, டாக்டர், டீச்சர், கடைல நிக்கிறவங்க, அவங்களுக்கு வாத்தியம், இல்ல தனியா நடந்து எடுக்குற போட்டோ, பறவை எடுக்குறதும் இதுல சேரும். உடம்பால உழைக்கிற வேலைன்னா ஒன்றரை கிலோ தூக்கிட்டு மலையேறச் சொல்ல மாட்டேன், உக்காந்து செய்யுறது எதுவும் சரி, அவங்களுக்கு எடிட்டிங் கூட ஓய்வுதான், அதுனால ரா எடுக்குறதுல அவங்களுக்கு தடை இல்ல. சின்னக் குழந்தை இருக்கவங்களுக்கு நேரம் கிடைக்கிறது குழந்தை கூட இருக்குறப்போதான், அதுனால எஃப்2 பக்கம் திறக்குற ஒரே லென்ஸ், வீட்டுக்குள்ளயே, அவங்கள எடுங்க.

இன்னும் முடிவுக்கு வர முடியலன்னா காசு செலவழிக்காம ஒரு மாசம் இத பண்ணிப் பாருங்க. கையில இருக்குற போன்ல ஜூம தொடாம, ஒரே லென்ஸ்ல, ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு, தினம் போற வழியில எடுங்க. எந்தப் படம் எடுக்க முடியாம போச்சு, ஏன் போச்சுன்னு நோட்ல ஒரு வரி எழுதிட்டு வாங்க. மாசக் கடைசில அந்த வரிங்கள படிச்சா எத வாங்கணும்னு அதுலயே இருக்கும். இருட்டுல ஆள் மங்கிப் போச்சுன்னே நிறைய எழுதியிருந்தா அகலமா திறக்குற லென்ஸ். தூரம்னு எழுதியிருந்தா மிரர்லெஸும் நீள லென்ஸும், ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து கனத்த தூக்கிப் பாத்துட்டு வாங்குங்க. ஒரு குறையும் எழுதல, படங்களும் நல்லா வந்துச்சுன்னா எதுவும் வாங்க வேண்டாம், பத்து பிரிண்ட் போடுங்க. படத்த விட அந்த நோட்ல எழுதுறதும் ஓரத்துல கிறுக்குறதும்தான் பிடிச்சிருந்துச்சுன்னா, இன்னும் கொஞ்சம் தடிமனான பேப்பர் இருக்குற நோட்டும், தண்ணி பட்டா கலையாத மை இருக்குற ஒரு பேனாவும் வாங்கிக்கோங்க, பின்னாடி வாட்டர்கலர் போடணும்னு தோணுனா அதே கோட்டு மேல போடலாம்.